எழும்பூர் ஹாக்கி அரங்கமும் அதன் ரசிகர்களும்

சென்னை எழும்பூரில் உள்ள மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கம் தமிழ்நாட்டின் முதன்மையான ஹாக்கி மைதானம். 1996, 2005 ஆகிய ஆண்டுகளின் சாம்பியன்ஸ் டிராபி, 2007 ஆசியக் கோப்பை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, 2025 இளையோர் உலகக் கோப்பை ஆகியவை இங்கே நடந்தன. 8,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய இந்த அரங்கம் சில நாட்களில் நிரம்பி வழிந்திருக்கிறது. பல ஆண்டுகள் காலி இருக்கைகளோடு கிடந்திருக்கிறது.

இந்திய ஹாக்கியின் சரிவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பதக்கங்களைக் கணக்கிடுவார்கள். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கு அதில் வருவதில்லை. அணியை நடத்தியவர்கள் மீது ரசிகர்களுக்கு ஏற்பட்ட மனக்குறை, அரங்கின் ஆரவாரம் அடங்கியது, இடையிடையே அது மீண்டும் எழுந்தது ஆகியவற்றைச் சென்னையை மையமாக வைத்து இக்கட்டுரை தொகுக்கிறது. ‘கிரிக்கெட் வந்தது, ஹாக்கி போனது’ என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நடந்தவற்றை ஆண்டு வரிசையில் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்பது தெரியும்.

ரயில் பாதையும் ஹாக்கியும்

எழும்பூர் அரங்கம் சென்னைக்கு மட்டும் உரியதல்ல. தென் மாவட்ட ரயில்கள் வந்து நிற்கும் எழும்பூர் நிலையத்திலிருந்து அது நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் பழைய ‘மெயின் லைன்’ பாதையில் ஏறியவர் எழும்பூரில் இறங்கினால் சற்று நேரத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் நிற்கலாம். டெல்டாக்காரருக்கு மாநிலத் தலைநகரின் மற்ற விளையாட்டு அரங்குகளைவிட இதுவே கைக்கு எட்டியது.

தமிழ்நாட்டில் ஹாக்கி பரவியதும் பெருமளவு ரயில் பாதையை ஒட்டித்தான். இராணுவ முகாம்கள், கிறித்துவப் பள்ளிகள், கல்லூரிகள், ரயில்வே குடியிருப்புகள் ஆகியவற்றின் வழியாக அது ஊன்றியது. பெரம்பூர், திருச்சி பொன்மலை போன்ற இடங்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஹாக்கி மட்டை இல்லாத வீடு அரிது. தென்கோடியில் கோவில்பட்டி தனக்கென ஒரு ஹாக்கி மரபை வளர்த்துக்கொண்டது.

காவிரிப் படுகையின் நெல் விளையும் பகுதிகளில் நிலைமை வேறு. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு கிடைக்கும் தரையில் கபடியும் பிற்காலத்தில் கிரிக்கெட்டும் எளிதாக ஆட முடிந்தது. தாள் குத்திட்டு நிற்கும் வயலில் ஹாக்கிப் பந்து உருளாது. அதனால் அங்கே ஹாக்கி பள்ளி மைதானத்து விளையாட்டாகவே இருந்தது. ஆனால் விளையாடாதவர்களும் அதைப் பின்தொடர்ந்தார்கள். வானொலி வர்ணனையும் மறுநாள் செய்தித்தாளும் ஒலிம்பிக் ஹாக்கியை டெல்டா ஊர்களின் தேநீர்க் கடைகள் வரை கொண்டு சேர்த்தன. விளையாடுபவர் குறைவு, கேட்பவர் அதிகம் என்ற இந்த நிலையைப் பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள நினைவில் வைக்க வேண்டும்.

அலுவலக அணிகளின் காலம்

இந்தியாவின் பழைய ஹாக்கிப் போட்டிகளில் கல்கத்தாவின் பெய்ட்டன் கோப்பை 1895-லும், பம்பாயின் ஆகா கான் கோப்பை 1896-லும் தொடங்கின. சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1901-ல் தொடங்கிய போட்டி பிற்காலத்தில் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை என்று பெயர் பெற்றது. நாட்டின் முன்னணி அணிகள் சென்னைக்கு வந்து ஆடுவதற்கு இந்தப் போட்டி ஒரு காரணமாக இருந்தது.

இதைவிட முக்கியமானது உள்ளூர் லீக். இண்டெக்ரல் கோச் ஃபேக்டரி, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தமிழ்நாடு காவல் துறை போன்ற நிறுவன அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடின. நன்றாக விளையாடுபவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அவர் காலையில் பயிற்சி செய்து, பகலில் அலுவலகத்தில் இருந்து, மாலையில் ஆடினார். பார்வையாளர்களில் பலர் அதே அலுவலகத்தினர். களத்தில் ஓடுபவர் பக்கத்து மேசைக்காரர், அல்லது அடுத்த தெருக்காரர். அவர் கோல் அடித்தால் எழுந்து கத்துவதற்கும், தவறவிட்டால் திட்டுவதற்கும் பார்ப்பவருக்கு உரிமை இருந்தது. அரங்கின் ஆரவாரம் என்பது இந்த நெருக்கத்திலிருந்து பிறந்தது.

இந்தச் சூழல் ஒலிம்பிக் வீரர்களையும் தந்தது. வி.ஜே. பீட்டர் 1960-ல் வெள்ளி, 1964-ல் தங்கம், 1968-ல் வெண்கலம் வென்ற அணிகளில் ஆடினார். அவருடைய தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1975-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். கிருஷ்ணமூர்த்தி பெருமாள், கோல்கீப்பர் முனீர் சேட் ஆகியோரும் இந்தக் காலத்தவர்கள். 1980-ல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றபோது அணித் தலைவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இந்திய ஹாக்கியின் 8-வது ஒலிம்பிக் தங்கமான அதுவே இன்றுவரை கடைசித் தங்கம்.

தரை மாறியது

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இந்தியா அங்கே 7-வது இடம் பெற்றது. அதற்கு முன் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பதக்கம் இல்லாமல் திரும்பியதில்லை. 1982 டிசம்பர் 1 அன்று டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றது இரண்டாவது அடி. அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வெற்றிகளை வானொலியில் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை தோல்வியைக் கண்ணால் பார்த்தது. கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகி மீது துரோகப் பழி சுமத்தப்பட்டது. குழு முழுவதும் பின்தங்கியதை ஒருவர் தலையில் கட்டும் பழக்கம் இந்திய ஹாக்கியில் அன்றோடு முடியவில்லை.

செயற்கைத் தரை ஆட்டத்தின் வேகத்தை மட்டும் மாற்றவில்லை. யார் ஆடலாம் என்பதையும் மாற்றியது. ஒரு தரை அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்த வகைத் தரைகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஏராளமான தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். பள்ளிகள், சிறு நகரங்கள், ரயில்வே குடியிருப்புகள் ஆகியவற்றின் மைதானங்கள் ஒரே அடியாகப் பழையவை ஆயின. மண் தரையில் கற்ற பையன் மாநிலப் போட்டிக்கு வந்ததும் வேறொரு விளையாட்டை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

எழும்பூரில் 1990-களில் செயற்கைத் தரை வந்தது. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி அங்கே நடந்தது. நெதர்லாந்து வென்றது, இந்தியாவுக்கு 4-வது இடம். உலகின் சிறந்த ஆறு அணிகளைச் சென்னை ரசிகர்கள் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தார்கள். எந்த அளவுக்கு நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதும் அவர்களுக்கு அப்போது நேரில் தெரிந்தது.

பயிற்சியாளர் நாற்காலி

ரசிகர்களின் கோபம் தோல்வியிலிருந்து நிர்வாகத்தை நோக்கித் திரும்பியது இதன் பிறகுதான். 1994 முதல் 2008 வரை கே.பி.எஸ். கில் இந்திய ஹாக்கி கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் நடந்தவற்றுள் நான்கை மட்டும் இங்கே குறிப்பிடலாம்.

முதலாவது, 1998. பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையின் முகமது ரியாஸும் அந்த அணியில் இருந்தார். தங்கத்தோடு திரும்பிய சில வாரங்களுக்குள் தன்ராஜ் உள்ளிட்ட மூத்த வீரர்கள் பலர் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ‘ஓய்வு’ என்று காரணம் சொல்லப்பட்டது. வீரர்களுக்கு உரிய பணம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனை இது என்றே பரவலாகக் கருதப்பட்டது. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் நீக்கப்பட்டார்.

இரண்டாவது, 2000. பாஸ்கரனின் பயிற்சியில் சிட்னி சென்ற அணி, போலந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டு 1-1 என்று சமன் செய்தது. அரையிறுதி வாய்ப்பு அதோடு போனது.

மூன்றாவது, 2002. கோலாலம்பூர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டிசூசா நீக்கப்பட்டார்.

நான்காவது, 2004. ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ரஜிந்தர் சிங் மாற்றப்பட்டு, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராஹ் கொண்டுவரப்பட்டார். இந்தியா 7-வது இடம் பெற்றது.

ஒரு தோல்வியை ரசிகர் மன்னிப்பார். எதிரணி நன்றாக ஆடியது என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார். ஆனால் வென்றவரையே வெளியே அனுப்புவதும், போட்டியின் நடுவில் பயிற்சியாளரை மாற்றுவதும் களத்தில் நடந்த தவறுகள் அல்ல. அவற்றைச் செய்தவர்களைக் கேலரியில் இருந்து கேள்வி கேட்கவும் வழியில்லை. வீரர் களத்தில் நிற்பதால் கைதட்டலும் வசையும் அவரைச் சென்று சேர்கின்றன. கூட்டமைப்பின் அறைக்குள் எதுவும் கேட்பதில்லை. அந்த ரசிகர்களின் சலிப்புக்கு இதுவே அடிப்படை.

2007: நிரம்பிய கேலரி

2005 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி மீண்டும் எழும்பூருக்கு வந்தது. ஆஸ்திரேலியா வென்றது. சொந்த மண்ணில் ஆடிய இந்தியா பதக்கத்துக்கான ஆட்டத்தைக்கூட எட்டவில்லை.

ஆனால் 2007 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 9 வரை நடந்த ஆசியக் கோப்பை வேறு கதை. ஜோகிம் கார்வலோவின் பயிற்சியில், திலீப் திர்க்கியின் தலைமையில் ஆடிய அணி அந்தப் போட்டியில் 50-க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 7-2 என்று வீழ்த்தியது. ஹாக்கியைப் பற்றிய ‘சக் தே இந்தியா’ திரைப்படம் ஒரு மாதம் முன்புதான் வெளியாகியிருந்தது. கேலரி நிரம்பி, படிகளிலும் நடைபாதைகளிலும் மக்கள் நின்றார்கள். சென்னையில் ஹாக்கிக்கு ரசிகர்கள் இல்லை என்ற பேச்சுக்கு அந்தப் பத்து நாட்களும் பதிலாக அமைந்தன.

அந்த ஆரவாரம் என்ன ஆனது? அதே செப்டம்பர் 24 அன்று இந்தியக் கிரிக்கெட் அணி முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. கிரிக்கெட் வீரர்களுக்கு மாநில அரசுகள் பரிசுகளை அறிவித்தன. இரண்டு வாரங்களுக்கு முன் ஆசியக் கோப்பை வென்ற ஹாக்கி வீரர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. பயிற்சியாளர் கார்வலோவும் கர்நாடக வீரர்கள் சிலரும் உண்ணாவிரதம் இருப்போம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. கிரிக்கெட் ஹாக்கியின் இடத்தைப் பிடித்தது என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இந்த மாதத்தைத்தான். ஆனால் கிரிக்கெட் நிர்வாகம் தன் வீரர்களைக் கொண்டாடியது. ஹாக்கி நிர்வாகம் தன் கையில் இருந்த கூட்டத்தை வைத்து ஒன்றும் செய்யவில்லை. எழும்பூரில் நிரம்பிய மக்களுக்கு அடுத்த வாரம் வந்து பார்க்க என்ன ஆட்டம் இருந்தது என்பதே கேள்வி.

சாண்டியாகோவும் அதன் பின்னும்

ஆறு மாதம் கழித்து, 2008 மார்ச்சில், சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த தகுதிச் சுற்றின் இறுதியில் இந்தியா பிரிட்டனிடம் 0-2 என்று தோற்றது. 1928-ல் ஒலிம்பிக்கில் ஆடத் தொடங்கிய பிறகு முதன்முறையாக இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. கார்வலோ விலகினார்.

அடுத்த மாதமே ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் ரகசியப் பதிவில், அணியில் ஒரு வீரரைச் சேர்க்கக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு வெளியானது. அவர் பதவி விலகினார். 2008 ஏப்ரல் 28 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. 2009-ல் ‘ஹாக்கி இந்தியா’ என்ற புதிய அமைப்பு உருவானது. பழைய கூட்டமைப்பும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு அமைப்புகளின் சண்டை பல ஆண்டுகள் நீடித்தது.

இதன் விலையை வீரர்களும் ரசிகர்களும் கொடுத்தார்கள். 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களுக்கு முன், நிலுவைப் பணம் கேட்டு வீரர்கள் புனே முகாமில் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். 2011-ல் டெல்லியில் நடக்கவேண்டிய சாம்பியன்ஸ் டிராபி, அமைப்புகளின் மோதல் தீராததால் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற வீரர்களுக்குத் தலா 25,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அவர்கள் அதை வாங்க மறுத்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 12 அணிகளில் கடைசியாக வந்தது.

சென்னை ரசிகருக்கு இதோடு இன்னொரு இழப்பும் சேர்ந்தது. 2004 ஏதென்ஸ் அணியில் இருந்த ஆடம் சின்க்ளேருக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து எந்த வீரரும் ஒலிம்பிக் ஹாக்கி அணியில் இடம்பெறவில்லை. பீட்டர், பிலிப்ஸ், பெருமாள், பாஸ்கரன், ரியாஸ் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவரைக் காட்ட முடிந்த ஊரில், 20 ஆண்டுகளாகக் காட்ட ஆளில்லை. வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதைக் குறைத்ததும் இதற்கு ஒரு காரணம். வேலைக்கு வழியில்லாத விளையாட்டுக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள்.

பெயரில் மட்டும் சென்னை

ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கிய அணி இருந்தால் ரசிகர்கள் தாமாக வருவார்கள் என்ற எண்ணத்தில் மூன்று முயற்சிகள் நடந்தன.

முதல் முயற்சி 2005-ல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக். அதில் ‘சென்னை வீரன்ஸ்’ ஆடியது. ஆட்டத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தது போன்ற புதுமைகளை இந்த லீக் செய்து பார்த்தது. சர்வதேச ஹாக்கி 2014-ல்தான் நான்கு பகுதி முறைக்கு வந்தது. ஆனால் ஆட்டங்கள் எல்லா அணிகளின் ஊர்களிலும் மாறி மாறி நடக்காமல், சில மையங்களில் மட்டும் நடந்தன. 2008-க்குப் பிறகு லீக் நின்றுபோனது.

இரண்டாவது, 2012-ல் பழைய கூட்டமைப்பும் நிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய உலக ஹாக்கித் தொடர். எட்டு அணிகளில் ஒன்று ‘சென்னை சீட்டாஸ்’. இதில் அணிகள் சொந்த ஊரிலும் ஆடின. எழும்பூரில் மீண்டும் சத்தம் கேட்டது. ஆனால் ஹாக்கி இந்தியா இந்தத் தொடரை ஏற்கவில்லை. இதில் ஆடினால் தேசிய அணியில் இடம் இருக்குமா என்ற அச்சத்தோடு வீரர்கள் ஆடினார்கள். பேசிய பணம் முழுதாக வரவில்லை என்ற புகார்களும் எழுந்தன. இரண்டாவது ஆண்டுப் போட்டி நடக்கவே இல்லை. ஓர் அணியைத் தன்னுடையது என்று நம்பத் தொடங்கிய ரசிகருக்கு அந்த அணி ஐந்து வாரங்களில் மறைந்துபோனது.

மூன்றாவது, ஹாக்கி இந்தியா 2013-ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக். டெல்லி, ராஞ்சி, மும்பை, பஞ்சாப், உத்தரப் பிரதேசம், பின்னர் கலிங்கா என்று அணிகள் வந்தன. 2017 வரை நடந்த அந்தப் போட்டிகளில் சென்னைக்கு அணியே இல்லை. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பர் இறுதியில் லீக் மீண்டும் தொடங்கியபோது ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ உருவானது. அந்த அணி முதல் ஆண்டிலேயே அரையிறுதிக்குச் சென்றது. ஆனால் ஆண்கள் ஆட்டங்கள் அந்த ஆண்டு ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. தமிழ்நாட்டின் அணியைத் தமிழ்நாட்டு ரசிகர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். 2026 ஜனவரியில்தான் லீக்கின் ஒரு பகுதி எழும்பூருக்கு வந்தது.

மற்ற ஊர்களின் அனுபவம்

அரங்கின் ஆரவாரம் எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது என்பதற்கு வெளியே சில உதாரணங்கள் உண்டு.

பாகிஸ்தானின் லாகூரில் உள்ள தேசிய ஹாக்கி அரங்கம் சுமார் 45,000 பேர் அமரக்கூடியது. 1990 உலகக் கோப்பை அங்கே நடந்தது. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற அந்த நாடு 2014 உலகக் கோப்பைக்கும் 2016 ஒலிம்பிக்குக்கும் தகுதி பெறவில்லை. இருக்கைகள் எத்தனை இருந்தாலும் அணி இல்லாவிட்டால் அவை வெறும் சிமெண்ட் படிகள்தான்.

நெதர்லாந்து இதற்கு நேர்மாறு. சிறிய நாடு, ஆனால் ஹாக்கிச் சங்கத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். ஒவ்வொரு ஊரிலும் கிளப், வார இறுதியில் ஆட்டம். காலையில் பிள்ளைகள் ஆடிய அதே மைதானத்தில் மாலையில் தேசிய வீரர்கள் ஆடுவார்கள். பார்ப்பவர்களும் ஆடுபவர்களே.

இந்தியாவில் ஒடிசா வேறொரு வழியைக் காட்டியது. 2018 முதல் அம்மாநில அரசு தேசிய அணிகளின் ஆதரவாளராக இருக்கிறது. 2018, 2023 உலகக் கோப்பைகள் அங்கே நடந்தன. ரூர்கேலாவில் சுமார் 20,000 பேர் அமரும் பிர்சா முண்டா அரங்கம் எழுந்தது. அது அமைந்த இடமும் முக்கியம். திலீப் திர்க்கி போன்றவர்களைத் தந்த சுந்தர்கர் மாவட்டத்தில், ஹாக்கி ஆடும் கிராமங்களுக்கு நடுவில் அது இருக்கிறது. அங்கே கேலரியில் இருப்பவருக்குக் களத்தில் இருப்பவர் உறவு. ஒரு காலத்தில் எழும்பூரிலும் அப்படித்தான் இருந்தது.

2023-க்குப் பின்

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னைக்கு வந்தது. 2007-க்குப் பிறகு இங்கே நடந்த முதல் பெரிய சர்வதேசப் போட்டி அது; இடைவெளி 16 ஆண்டுகள். அரங்கம் புதுப்பிக்கப்பட்டு, தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் புதிய வகைத் தரை போடப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று இந்தியா பாகிஸ்தானை 4-0 என்று வென்றது. 12-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று வென்றது. இரண்டு நாட்களிலும் கேலரி நிரம்பியது. 2007-ல் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் கல்லூரி மாணவர்களாக வந்து கத்தினார்கள்.

அந்தக் கூட்டம் தன் சொந்த ஊர்க்காரர் ஒருவரையும் பார்த்தது. கார்த்தி செல்வம் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள அரியலூரைச் சேர்ந்தவர். பாபநாசத்திலிருந்து பார்த்தால் அக்கரைப் பிள்ளை. அவர் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். இருவரும் கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர்கள். அரியலூர்ப் பையன் ஹாக்கி கற்க டெல்டாவைக் கடந்து தெற்கே கோவில்பட்டி வரை போகவேண்டியிருந்தது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இடைப்பட்ட மாவட்டங்களில் அவ்வளவு தீவிரமான பயிற்சிக்கு இடம் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கணக்கிட முடியாது.

2023-லும் 2024-லும் ஆண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் சென்னையில் நடந்தன. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 24 நாடுகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரையில் அதற்கென ஒரு சர்வதேசத் தரை உருவானது. பார்வையாளர்களுக்குக் கட்டணம் இல்லை. ஜெர்மனி வென்றது, இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றது.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் சென்னையின் ரசிகர்கள் ஹாக்கியை விட்டுப் போனதற்கான சான்று எங்கும் இல்லை. 2007-ல் ஆட்டம் வந்தது, அவர்கள் வந்தார்கள். 2012-ல் ஐந்து வாரம் அணி இருந்தது, அவர்கள் இருந்தார்கள். 2023-ல் 16 ஆண்டுகள் கழித்து அழைத்தபோதும் கேலரி நிரம்பியது. ஒவ்வொரு முறையும் விலகிச் சென்றது விளையாட்டுதான். அணி கலைந்தது, லீக் நின்றது, போட்டி வேறு ஊருக்குப் போனது, வென்ற வீரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பெரிய போட்டிக்கு மட்டும் வருபவர் உண்மையான ரசிகரா, மாநில லீக் ஆட்டங்களுக்கு நுழைவு எளிதாக இருந்தும் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் வாரந்தோறும் அரங்குக்குப் போவது ஒரு பழக்கம். அலுவலக அணிகளின் காலத்தில் அந்தப் பழக்கம் இருந்தது, ஏனென்றால் ஆடுபவரைப் பார்ப்பவருக்குத் தெரியும். அந்தத் தொடர்பு அறுந்த பிறகு இலவச டிக்கெட்டால் மட்டும் பழக்கத்தை மீட்க முடியாது. பெரிய போட்டி கூட்டத்தைக் கொண்டுவரும். அடுத்த ஞாயிறு அந்தக் கூட்டம் திரும்பி வருவதற்கு உள்ளூர் அணி வேண்டும், நாள் தவறாத அட்டவணை வேண்டும், தெரிந்த முகம் ஒன்று களத்தில் வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது தரை இருக்கிறது. லீக் அணி இருக்கிறது. 20 ஆண்டு வறட்சிக்குப் பிறகு தேசிய அணியின் வாசலில் நிற்கும் வீரர்கள் இருக்கிறார்கள். 2007-லும் ஏறக்குறைய இவ்வளவும் இருந்தது. அன்று அந்தக் கூட்டத்தைக் கைவிட்டதற்குப் பின்னால் திரும்ப 16 ஆண்டுகள் ஆயின. 2023-லும் 2025-லும் வந்தவர்களுக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்று சொல்லப்படுகிறதா என்பதைப் பொறுத்தே எழும்பூர் கேலரியின் இனிவரும் வரலாறு அமையும்.